நிறுத்தச் சொன்ன கை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிக்க வேண்டும். பள்ளியிலிருந்து இனி ஒரு துண்டுக் காகிதம்கூட வரக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். உங்கள் போன் எண் மாறிவிட்டது. வேன் ஓட்டும் அண்ணனிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

நான் சிறப்பு வகுப்பின் உதவி ஆசிரியை. உங்கள் மகள் பம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே, அந்த ஒல்லி மிஸ். பெற்றோர் கூட்டங்களில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். அதிகம் பேசாததால் உங்கள் நினைவில் இல்லாமலும் போயிருக்கலாம்.

பம்பரம் எப்படி இருக்கிறாள்? அவள் இல்லாத வகுப்பில் யாரும் சுற்றுவதில்லை. சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுவாளே, அப்போது இடித்துக்கொள்ளாமல் இருக்க மேசைகளைத் தள்ளிப் போட்டிருந்தோம். மேசைகள் இன்னும் அப்படியே தள்ளித்தான் கிடக்கின்றன.

'சுவர்' கண் திறந்துவிட்டாள். நம் பிள்ளைகளும் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் கலப்புக் கால்பந்து அணிக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து வந்த அந்த உயரமான கோல்கீப்பர் பெண்ணைத்தான் சொல்கிறேன். மண்டைக்குள் கசிந்திருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். வலது கையும் வலது காலும் இன்னும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவமனையில் அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தப் பிள்ளைங்களோட சேர்த்து என் பொண்ண விளையாட விட்டது யாரு?" என்று நர்சிடம் கேட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

எழுத வந்தது இதை: மார்ச் மாதத் தொடக்கத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். அணியின் கேப்டன் என்பதால் பம்பரத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளி தந்திருக்கும் அறிக்கை சுருக்கமாக இதுதான்: யாருக்காவது அடிபட்டால் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தும் உரிமை கேப்டனுக்கு இருந்தது, அந்தப் பொறுப்பைப் புரிந்துகொள்ளும் சக்தி அவளுக்கு இல்லை. இது இப்படியே நின்றுவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கேப்டன் பதவி மட்டும் போகாது, மைதானமே போய்விடும்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

உதவி ஆசிரியை


பிப்ரவரி 19

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நீளக் கவரைப் பார்த்ததும் ஏதோ கோர்ட் சமாச்சாரம் என்று என் தங்கை வீட்டுக்காரர் பயந்துவிட்டார். ஏற்கெனவே இரண்டு அறைகள் உள்ள வீட்டில் நாங்களும் வந்து ஒண்டியிருக்கிறோம். இனிமேல் சின்னக் கவரில் எழுதுங்கள்.

பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன். எழுதுவதில் ஒரு வசதி, திட்டலாம். எட்டாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் உங்கள் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஓட்டல் சலவைக்கூடத்துக்குப் போகும்போதும் அங்கேதான், நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அங்கேதான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். விரல்கள் மரத்துப் போய் நீலமாகிவிடுகின்றன. சாப்பிடுவது இடது கையால். பாதி தரையில் சிந்துகிறது. "ஏண்டி, அந்தக் கைக்கு என்னடி?" என்று கேட்டால், "அது கெட்ட கைம்மா. அதாலதான் சுவர் விழுந்தா" என்கிறாள்.

அவளைக் கேப்டன் ஆக்குங்கள் என்று நான் கேட்டேனா? படிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, நாலு பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அணியில் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுற்றினாள் பாருங்கள், தண்ணீர்க் குடம் கவிழ்ந்தது. "அம்மா, இனிமே எல்லாரையும் நான்தான் பார்த்துக்கணும்" என்றாள். "முதல்ல உன் மூக்க நீ சிந்து, அப்புறம் ஊரைப் பார்த்துக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உடனே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து நின்றாள். "சிந்திட்டேன். இப்ப பார்த்துக்கலாமா?"

உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னார். "உங்க பொண்ணு டாட்டா காட்டிட்டு நின்னுட்டாம்மா. தப்புன்னு சொல்லல. அவ புத்தி அவ்வளவுதான், பாவம்." தப்பு இல்லையாம். ஆனால் காபி ஆறுவதற்குள் டி.சி. தயாராக இருந்தது.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். டாட்டா காட்டினாளா, நிறுத்தச் சொன்னாளா? அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன். நீங்கள் மைதானத்தில் இருந்தீர்கள். உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மேசையைத் தள்ளிப் போட்டதுகூட இருக்கிறது. இது மட்டும் இல்லை.

பம்பரத்தின் அம்மா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நிறுத்தத்தான் சொன்னாள். நான் பார்த்தேன்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டிய வரி இது. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடையில் நாற்காலிகள் போட்டு விருந்தினர்களை உட்கார வைத்திருந்தார்கள். கலப்பு அணிகளின் ஆட்டம் என்பதால் போட்டோ எடுக்கவும் ஆள் வந்திருந்தார். நம்முடைய பி.டி. மாஸ்டர்தான் நடுவர், விசில் அவர் கழுத்தில். ஆட்டத்துக்கு முன்னால் பம்பரம் வழக்கம்போல எல்லாருடைய ஷூ கயிற்றையும் குனிந்து பார்த்தாள். எதிரணிக்கும் பார்த்தாள். மாஸ்டரின் கயிறு அவிழ்ந்திருந்தது, உட்கார்ந்து கட்டிவிட்டாள். மேடையில் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. டாஸ் போடவும் கை குலுக்கவும் மட்டும் பம்பரம், ஆட்டத்துக்கு வேறொரு பெண் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. பம்பரத்துக்கு அப்படி அரைக் கேப்டன் என்று ஒன்று இருப்பது தெரியாது.

பாதி ஆட்டத்தில் சுவர் பந்துக்குப் பாய்ந்து கோல் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டாள். உடனே எழுந்துவிட்டாள், சிரித்தாள். மாஸ்டர் கட்டைவிரலைக் காட்டினார், அவளும் காட்டினாள். பிறகு கழன்று விழுந்த கையுறையை எடுத்து மாட்டினாள். வலது கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, விரல்கள் நுழையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை யாரும் கவனிக்கவில்லை. பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, எல்லாருடைய கண்ணும் பந்தின் பின்னால். பம்பரம் மட்டும் நடு மைதானத்தில் நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். கேப்டன் பட்டை கட்டிய கையை உயர்த்தினாள்.

டாட்டா காட்டும்போது அவள் கை எப்படி ஆடும் என்று உங்களுக்குத் தெரியும், உடம்பே சேர்ந்து ஆடும். இந்தக் கை ஆடவில்லை, அக்கா. நட்டு வைத்த கம்பு மாதிரி நேராக நின்றது. அவள் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் தினமும் வேன் ஏறும்போது எல்லாருக்கும் டாட்டா காட்டும் பெண் என்றுதானே பள்ளிக்கூடத்துக்கே அவளைத் தெரியும்? மாஸ்டர் ஓடிக்கொண்டே கத்தினார்: "ஏய், கைய இறக்கு! டாட்டா காட்டற நேரமா இது?" மேடையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவர்களும் கையை ஆட்டினார்கள். ஒரு வரிசை முழுவதும், சிரித்துக்கொண்டே, அவளுக்கு டாட்டா காட்டினார்கள்.

அவள் கையை இறக்கவில்லை. விசில் வரும் என்று நின்றாள். பந்து திரும்பி வந்தது. சுவர் அதைத் தடுக்கக்கூட நகரவில்லை, நின்றபடியே சரிந்தாள்.

நான் கோட்டுக்கு வெளியே முதலுதவிப் பெட்டியோடு நின்றேன். விசில் இல்லாமல் மைதானத்துக்குள் போகக் கூடாது என்று காலையில்தான் மாஸ்டர் எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்லியிருந்தார். நான் போகவில்லை.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பம்பரத்தை விசாரித்தார்கள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

"கையைத் தூக்கினியா?"

"தூக்கினேன் மிஸ்."

"எதுக்கு?"

"நிறுத்தச் சொல்லி."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எதுக்குத் தூக்கின?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, "டாட்டா காட்டினேன் மிஸ்" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துப் பெருமூச்சு விட்டார். என் பக்கம் திரும்பி, "நீங்க பெட்டிகிட்ட நின்னீங்க. அங்கிருந்து தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

என் அப்பா சரக்கு லாரியில் மூட்டை ஏற்றுபவர். எங்கள் குடும்பத்தில் சம்பளம் என்று மாதா மாதம் வாங்கும் முதல் ஆள் நான். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த அறையில் அது என் நினைவுக்கு வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அவள் ஏன் பதிலை மாற்றினாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவள் பொய் சொல்கிற பெண் இல்லை.

விசாரணையில் நான் சொல்லப் போகிறேன். நீங்களும் அவளை அழைத்து வந்தால் இரண்டு பேராக இருப்போம்.

உதவி ஆசிரியை


மார்ச் 3

டீச்சருக்கு,

ஏன் மாற்றினாள் என்று புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் பக்கத்தில் போய்ச் சந்திலேயே உட்கார்ந்தேன். எதிரே வாளி இருந்தது. "அந்த வாளி என்ன கலரு?" என்று கேட்டேன். "நீலம்." நீலம்தான். சும்மா இன்னொரு தடவை கேட்டேன். "என்ன கலரு?" என் முகத்தைப் பார்த்தாள். அதே சின்னச் சிரிப்பு. "பச்சை." வாளி கண் முன்னால் இருக்கிறது டீச்சர். நீல வாளியைப் பார்த்துக்கொண்டே பச்சை என்கிறாள்.

"ஏண்டி மாத்துற?" என்றேன்.

"நீ திருப்பிக் கேட்டல்ல? அப்ப முதல்ல சொன்னது தப்பு."

"யாருடி உனக்கு அப்படிச் சொன்னது?"

"மிஸ் தப்புன்னு சொல்லவே மாட்டாங்கம்மா. திட்டவே மாட்டாங்க. தப்பா இருந்தா திருப்பிக் கேப்பாங்க. நான் மாத்திச் சொல்லணும்."

தப்பு என்று சொன்னால் பிள்ளையின் மனசு நோகும் என்று உங்கள் படிப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நீங்களும் நோகாமல்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளைத் திட்டுவேன், மூதேவி என்பேன், எருமை என்பேன். என் திட்டு அவளை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் நல்ல குணம்தான் அந்த அறையில் அவள் வாயைத் திருப்பியிருக்கிறது. உங்களைப் பார்த்துச் சிரித்தது வேறு எதற்கு? மிஸ் சொல்லிக் கொடுத்தபடி மாற்றிவிட்டேன் பாருங்கள் என்றுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகளாவது இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் மாறினாள். நீங்கள் முதல் தடவைக்கே வாயை மூடிக்கொண்டீர்கள்.

விசாரணைக்கு அவளை அழைத்து வர மாட்டேன். அங்கே வருகிறவர்கள் ஒரு தடவையோடு விடுவார்களா? திருப்பித் திருப்பிக் கேட்பதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம். அவர்கள் கேட்கக் கேட்க இவள் மாற்றிக்கொண்டே போவாள். கடைசியில் சுவரைத் தள்ளிவிட்டதே நான்தான் என்பாள். அதையும் எழுதிக்கொள்வார்கள்.

"நீ நிறுத்தத்தான் சொன்னியாம், மிஸ்ஸே எழுதியிருக்காங்க" என்று உங்கள் கடிதத்தைக் காட்டினேன். காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "உனக்கு மேட்ச் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

நீங்கள் போய்ச் சொல்லுங்கள். வாயும் இருக்கிறது, பட்டமும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வராதீர்கள். உங்களைப் பார்த்தால் அவள் மறுபடி பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

பம்பரத்தின் அம்மா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. படித்த அன்று வகுப்புக்குப் போய், கணக்கு நேரத்தில் ஒரு பையனிடம் இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து என்றான். திருப்பிக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆறு என்றான். அடுத்த பெண்ணும் மாற்றினாள். அதற்கடுத்தவளும். அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

விசாரணைக்குப் போனேன். இரண்டு அதிகாரிகள், ஒரு தட்டச்சுக்காரர். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன், கையுறையிலிருந்து ஆரம்பித்து. "முன்னாடி பார்க்கலன்னு சொன்னீங்களாமே?" என்றார்கள். முன்பு வாயைத் திறக்கவில்லை, இப்போது திறக்கிறேன் என்றேன். அந்தத் தூரத்திலிருந்து கை ஆடியதா ஆடவில்லையா என்று எப்படித் தெரியும் என்று விதவிதமாகக் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். கை ஆடவில்லை.

வெளியே வராந்தாவில் மாஸ்டர் நின்றிருந்தார். "ஏம்மா, வேலையில சேர்ந்து இன்னும் நாற்காலி சூடாகல. அதுக்குள்ள எங்களுக்கே பாடம் எடுக்கறியா? உங்கப்பா தூக்குற மூட்டையில இன்னொண்ணைச் சேர்த்துட்ட, போ" என்றார். ஆனால் அவரும் சுவருக்காகத் தினமும் மருத்துவமனைக்குப் போய் வருகிறார் என்று நர்ஸ் சொன்னார்.

முடிவு வந்துவிட்டது. உதவி ஆசிரியை பின்னர் மாற்றிச் சொன்னதால் அவருடைய வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லையாம். மாஸ்டரை இனி கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கலப்பு அணியைக் கலைத்துவிட்டார்கள். சிறப்பு வகுப்புப் பிள்ளைகள் பாதுகாப்புக் கருதி எந்தக் குழு விளையாட்டிலும் சேரக் கூடாது, மாணவர் பொறுப்பு எதிலும் வரக் கூடாது. விளையாட்டு நேரத்தில் இப்போது அவர்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்து படங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வெளியே விசில் கேட்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்கின்றன.

இந்தப் பருவம் முடிந்ததும் எனக்கும் வேலை இல்லை. வீட்டில் சொன்னேன். அப்பா மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் லாரிக்குப் போகிறார்.

சுவர் பள்ளிக்கு வந்துவிட்டாள். காலை இழுத்து நடக்கிறாள். ஒரு வார்த்தையைத் தொடங்கினால் முடிக்க நேரம் ஆகிறது. அந்த ஆட்டம் அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. அதனால் அவளும் சாட்சி இல்லை. பத்தாம் வகுப்பில் இனி ஈடுகொடுக்க மாட்டாள் என்று சொல்லி அவளை எங்கள் வகுப்பில் போட்டுவிட்டார்கள். பம்பரத்தின் மேசையில்தான் உட்கார்கிறாள், வேறு மேசை காலியாக இல்லை.

அவளை விட வந்த அன்று அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றார். நர்சிடம் அன்று அப்படிக் கேட்டவர்தான். உள்ளே இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம், "மிஸ், டாக்டர் இவள நிறைய நடக்க வைக்கச் சொல்லியிருக்காரு. பந்து இருந்தா அவளே எந்திரிச்சுடுவா. மத்த பசங்களோட கிரவுண்டுக்கு அனுப்புவீங்கல்ல?" என்றார். இந்த வகுப்புக்கு இனி மைதானம் கிடையாது என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "யாரு அப்படிச் சொன்னது?" என்றார். முடிவு வந்த காகிதத்தின் நகல் அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். ஆனால் இதற்காக மட்டும் எழுதவில்லை. எழுத வந்த விஷயத்தைக் கடைசி வரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

நீங்கள் என்னை வரக் கூடாது என்று சொன்னது நியாயம். கல்வி அலுவலகமோ பள்ளியோ இனி எதையும் மாற்றாது, அதில் எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் அவள் அந்தக் கையின் மேல் உட்கார்ந்திருக்கிறாளே, அக்கா. உங்களுக்கு மேட்ச் தெரியாது என்கிறாள். மேட்ச் தெரிந்த ஆள் அவளுக்கு நான் ஒருத்திதான். அன்று அந்த அறையில் அவள் என் முகத்தைப் பார்த்தபோது அதில் ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சரி என்று அந்த முகத்தோடு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடிதத்தில் அது முடியாது. அவளிடம் எதையும் கேட்க மாட்டேன், ஒரு கேள்விகூட. சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உங்களுக்கு விடுமுறை உள்ள ஏதாவது ஒரு நாளில், வீட்டுக்குள் வேண்டாம், வாசலில் போதும், அவளைப் பார்க்க என்னை வர விடுவீர்களா?